நேற்றைய சோறும் இன்றைய பிரைட் ரைசும்

கடந்த சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, வெள்ளவத்தையில் உள்ள என் சிகிச்சை நிலையத்தைப் பூட்டப் போன வேளையில், பிறந்தநாள் விருந்து முடிந்த கையோடு ஒரே வீட்டைச் சேர்ந்த ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளையின் புதுச்சட்டை முழுவதும் சத்தி. எட்டு மணிக்குப் பிரைட் ரைஸ் சாப்பிட்டிருக்கிறார்கள். சோறு எப்போது அவித்தது என்று கேட்டேன். “நேற்றுப் பின்னேரம் டொக்டர். பழைய சோற்றில் செய்தால்தான் உதிரியாக வரும் என்று வீடியோவில் சொன்னார்கள்” என்றார் தாயார். இரவு முழுவதும் அது குசினி மேசையில், மூடியபடியே இருந்திருக்கிறது. நத்தார் காலம் தொடங்கியதிலிருந்து இதே கதையுடன் வந்த நான்காவது குடும்பம் இது என்பதால், நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அன்றிரவு நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வீடியோவில் சொன்னது பிழையன்று. ஆறி இறுகிய சோறுதான் தாச்சியில் ஒட்டாமல் பிரளும். ஆனால் அவர்கள் சொல்லும் ‘ஒரு நாள் பழைய சோறு’ குளிர்சாதனப்பெட்டியில் இருந்த சோறு. இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும் கொழும்புக் குசினியில் கிடந்த சோறு அல்ல.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வாதத்துக்கு வருகிறேன்: “நல்லாச் சூடாக்கித்தானே டொக்டர் சாப்பிட்டோம்?” சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் அசையாமல் இருக்கிறது. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் விதை போன்ற வடிவங்கள், இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணித்தியாலங்களில் முளைத்துப் பெருகி, சத்தியை உண்டாக்கும் நச்சுப்பொருள் ஒன்றைச் சோற்றிலேயே விட்டுவைக்கின்றன. அந்த நஞ்சு 121 பாகைச் சூட்டையும் தாங்கக்கூடியது. தாச்சியில் கிருமி செத்தாலும் நஞ்சு சாகாது. அதற்கு உயிரே இல்லை. எவ்வளவு நெருப்பில் புரட்டினாலும், எவ்வளவு சோயா சோஸ் ஊற்றினாலும் அது அப்படியே கோப்பைக்கு வரும். அது மணக்காது, நிறம் மாறாது, நாவுக்கும் பிடிபடாது. ஆகவே, மணந்து பார்த்தோம் என்பதும் பதிலாகாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்திலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்கும். அதற்குள் வீட்டில் கோழி விற்ற கடைக்காரரைத் திட்டி முடித்து, நாவூறு என்று செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டிருப்பார்கள். சோற்றை மட்டும் ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

“எங்கள் அம்மம்மா பழஞ்சோறு சாப்பிட்டுத் தொண்ணூறு வயது இருந்தாவே” என்று அடுத்த கேள்வி வரும். அம்மம்மா சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். அது இரவில் புளித்தது. புளிப்பின் அமிலம் இத்தகைய பல கிருமிகளை அடக்கும். நீங்கள் தண்ணீரும் ஊற்றவில்லை, புளிக்கவும் விடவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

இந்த நோய் பெரும்பாலும் ஒரு நாளில் தணிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 2003ஆம் ஆண்டு பெல்ஜியத்தில், சுற்றுலாவுக்குக் கொண்டுபோய் மிஞ்சிய பாஸ்தா சலட்டைச் சில நாட்களின் பின் சாப்பிட்ட ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஐவர் நோயுற்றனர். அவர்களில் 7 வயதுச் சிறுமி ஈரல் செயலிழந்து இறந்தாள். அந்தச் சலட் குளிர்சாதனப்பெட்டியில்தான் இருந்தது. பெட்டியின் வெப்பநிலை 14 பாகை. விருந்துக்கு முதல் நாள் கேக்கும் சோடாப் போத்தல்களும் அடைத்து, பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கொரு முறை திறந்து மூடும் நம் வீட்டுப் பெட்டிகளின் வெப்பநிலையை யார் அளந்து பார்த்திருக்கிறார்கள்? ஐந்து பாகைக்கு மேல் போகக் கூடாது. சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள்.

சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள், ஆழமில்லாத பெட்டிகளில் போட்டுக் குளிரில் வைத்துவிடுங்கள். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி விடியும் வரை சூடாகவே இருக்கும். மறுநாளே சாப்பிட்டு முடியுங்கள். நீண்ட நேரம் மின்சாரம் தடைப்பட்டிருந்தால் அந்தச் சோற்றைக் கொட்டுங்கள். பிரியாணிக்கும் லசானியாவுக்கும் பாஸ்தாவுக்கும் இதே விதிதான்.

திராமிசு என்ற இத்தாலிய கிரீம் இனிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் இப்போது எல்லாப் பிறந்தநாளுக்கும் அது வந்துவிடுகிறது. அதில் முட்டை பச்சையாகச் சேர்கிறது. வீட்டில் அடிக்கும் மயோனெய்சிலும் அப்படியே. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சல்மோனெல்லா என்ற கிருமியைச் சூடு கொல்லும், ஆனால் திராமிசு அடுப்பையே காண்பதில்லை. மஞ்சட்கருவையும் சீனியையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, 71 பாகை வரும்வரை விடாமல் அடித்துக் கொள்ளுங்கள். சுவை குறையாது, கலவையும் இன்னும் உறுதியாக நிற்கும். வெள்ளைக்கருவுக்குப் பதிலாக அடித்த கிரீம் போதும். இதற்குப் பொறுமை இல்லையென்றால், கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைப் பரிமாறாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சத்தி வந்துவிட்டால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளை, பொதியில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். அலுமாரியில் கிடக்கும் பழைய அன்டிபயோட்டிக்கைத் தேடாதீர்கள். நஞ்சுக்கு அது எதுவும் செய்யாது. பிள்ளை சோர்ந்து தூங்கியபடி இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் மஞ்சளித்தாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வரும்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, அது எத்தனை மணிக்குச் சமைத்தது, பிறகு எங்கே இருந்தது என்பதையும் கேட்டறிந்து வாருங்கள். சனிக்கிழமை இரவு அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் பெறவே எனக்கு இருபது நிமிடம் எடுத்தது.