மானியம்: மாடி சோலாருக்கு அரசாங்கம் குடுக்கற காசு இலவசமா?

சோலார் போட்டாச்சுங்களா, சப்சிடி வந்துருச்சுங்களான்னு கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இப்ப நெறைய வீட்டுல பேச்சு. கூடவே "அரசாங்கம் எதுக்கு இதுக்கெல்லாம் இலவசமா காசு குடுக்கோணும்"னு கேக்கறவங்களும் இருக்காங்க. அந்த 'இலவசம்'ங்கற சொல்லுதான் இங்க பொருந்தலீங்க.

சப்சிடி லத்தீன்ல இருந்து வந்தது. மூலச்சொல் 'சப்சிடியம்', முன்னாடி நிக்கற படை தளர்ந்தா போய்ச் சேர்றதுக்குப் பின்னாடி உக்காந்திருக்கற துணைப்படைன்னு அர்த்தம். அதுல இருந்து உதவின்னு ஆகி, இங்கிலாந்துல ராஜாவுக்கு நாடாளுமன்றம் ஒதுக்கித் தர்ற வரிப்பணத்துக்குப் பேராகி, கடைசியில அரசாங்கம் ஜனங்களுக்குத் தர்ற காசாயிருச்சு. ஆக, சண்டை போடறவன் முன்னாடி நிப்பான், சப்சிடி பின்னாடிதான் வரும்.

தமிழ்ல மானியம்ங்கறோம். இது வடமொழி 'மான்ய', மதிப்புக்குரியதுன்னு பொருள். கோயில் பூசாரிக்கும் ஊர் வேலை செய்யறவங்களுக்கும் வரியில்லாம, இல்லன்னா கொறைஞ்ச வரிக்கு விட்ட நெலந்தான் மானியம், கோயில் மானியக் காடுன்னு பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. சோழர் கல்வெட்டுல வரியில்லாத நெலத்துக்கு 'இறையிலி'ன்னு நல்ல தமிழ்ச்சொல்லே இருக்குது. அந்த நெலம் செய்யற வேலைக்கு ஈடா வந்தது, யாரும் அதைச் சும்மா குடுத்ததா நெனைக்கல.

'நல்கை'ன்னு எழுதறவங்களும் இருக்காங்க, பல்கலைக்கழக மானியக் குழுவையே நல்கைக் குழுன்னு எழுதறாங்க. அழகான சொல்லு, ஆனா அது முழுசா எடுத்துக் குடுக்கறதுக்குப் பொருந்தும். செலவுல ஒரு பங்கை மட்டும் அரசாங்கம் ஏத்துக்கறதுக்கு மானியமே சரின்னு எனக்குப் படுது. உதவித்தொகைன்னா படிக்கற பசங்க ஞாபகந்தான் வரும்.

மாடி சோலாருக்குன்னு 2024ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தோட பேருலயே 'முஃப்த்', அதாவது இலவசம்னு இருக்குது, அதுதான் கொழப்பம். முதல் 2 கிலோவாட் வரைக்கும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபா, மூணாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாதான் உச்சவரம்பு. மூணு கிலோவாட் மாட்ட ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம்னு ஆகுது, மிச்சத்தை வீட்டுக்காரர்தான் போடோணும், இல்லன்னா கடன் வாங்கோணும், மானியமும் எல்லாம் மாட்டி மீட்டர் வச்சு சரிபார்த்ததுக்கு அப்பறந்தான் பேங்க்ல ஏறும். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும், நாம எரிச்சது போக மீதி கம்பியில ஏறி அக்கம்பக்கத்து வீட்டுக்கும் ஓடுது. ஊருக்கும் கரண்ட் குடுக்கறவருக்கு வர்ற பங்கை எப்படிங்க இலவசம்ங்கறது?

கரண்ட் ரேட்டைக் கொறைக்கோணும்னு நாராயணசாமி நாயுடு தலைமையில 1972ல கோயமுத்தூர் ரோட்டுல மாட்டு வண்டிகளைக் கொண்டாந்து நிறுத்துன விவசாயிக யாசகமா கேக்கல, வெளைய வைக்கறவனுக்கு இது நியாயம்னு கேட்டாங்க. மாடி சோலார் மானியமும் அந்த வகைதான், கண்டிப்பா குடுக்கோணும்.

ஆனா ஒரு கொறை இருக்குது, சொல்லாம விடக்கூடாது. சொந்த மாடி இருக்கறவங்களுக்குத்தான் இந்த மானியம் சுலபமாக் கெடைக்கும். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டு வரிசையா ஒட்டிக் கட்டுன லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கற குடும்பம் எந்த மாடியில பேனல் போடும்? அவங்க கட்டற வரியும் இதுலதான் சேருது. பொதுவா ஒரு எடத்துல பேனல் போட்டு, வர்ற யூனிட்டைப் பல வீட்டுப் பில்லுல பிரிச்சுக் கழிக்கற முறைக்கு டெல்லியில 2019லயே விதிமுறை வந்துருச்சு, நம்ம பக்கமும் லைன் வீட்டுக்காரங்களுக்கு அந்த முறையில மானியம் போய்ச் சேரட்டும்.