குளத்துக்குப் போனதைச் சொல்லுங்கள்

காய்ச்சல் தொடங்கி நான்கு நாட்கள் என்றார் மனைவி. நோயாளி மட்டக்களப்பு நகரில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். வயது நாற்பதைத் தாண்டியது, நீரிழிவும் இருக்கிறது. கண்கள் சிவந்திருந்தன. கெண்டைக்காலை மெதுவாக அழுத்தியதுமே காலை இழுத்துக்கொண்டார். வயலில் இறங்கினீர்களா என்று கேட்டேன். இல்லை. வெள்ளத்தில் நடந்தீர்களா? அதுவும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற மைத்துனர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பத்து நாளைக்கு முன்னர் உன்னிச்சைக் குளத்துக்கு மீன் பிடிக்கப் போனோம் டொக்டர். மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் தூண்டில் போட்டார்."

அந்த ஒரு வாக்கியம் கிடைத்ததும் எலிக்காய்ச்சலுக்கான மருந்தைத் தொடங்கினோம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நான்கு நாட்கள் வீணாகிவிட்டன. சிறுநீர் குறையத் தொடங்கிய பிறகுதான் அவரை அழைத்து வந்தார்கள்.

எலியின் சிறுநீர் மட்டுமல்ல, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரும் கலந்த தேங்கு நீரில் இந்தக் கிருமி உயிர் வாழும். காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே அது உடலுக்குள் போய்விடும். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் காய்ச்சல் வரும். சிலருக்கு 30 நாட்கள்கூட ஆகலாம். அதற்குள் குளத்துப் பயணம் எல்லோருக்கும் மறந்துபோகும். விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வாரம் ஒருமுறை விழுங்குவதற்கு டொக்ஸிசைக்ளின் கொடுப்பதை நம் ஊரில் அறியாதவர் இல்லை. நாள் முழுவதும் தண்ணீரில் நிற்கப் போகிறவர்களும் புறப்படும் முன்னர் அங்கே போய் ஆலோசனை கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அந்த மருந்து ஏற்றதல்ல என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி ஈர மண்ணிலும் சேற்றிலும் வாழ்கிறது. நம் நாட்டு மண்ணிலும் அது உண்டு. நுரையீரலில் சளிக்காய்ச்சலாகவோ, உடலுக்குள் சீழ்க்கட்டியாகவோ வெளிப்படும். ஊசி மருந்தே குறைந்தது 10 நாட்கள் போட வேண்டும், அதன் பின்னர் மாதக்கணக்கில் மாத்திரை. சர்க்கரை உள்ளவர்களும் காலில் புண் உள்ளவர்களும் சேற்றில் இறங்காமல் குளக்கட்டில் நின்றே தூண்டில் போடுங்கள். விராலுக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது பொருட்டல்ல.

எங்கே, எப்போது போவது என்பதும் என் அக்கறைக்கு உட்பட்டதுதான். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். முதல் இடி கேட்டதும் நீளமான தூண்டில் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கூரையுள்ள கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரமாவது வெளியே வர வேண்டாம். மாரியில் வான் கதவுகள் திறக்கும் காலத்தில் அணைக்கட்டின் கீழ்ப்பக்கம் நிற்பதே தவறு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் கண்ணாடிபோலக் கிடக்கும் குளம் மதியத்தில் தோணியைப் புரட்டும் அளவுக்கு அலையடிக்கும்.

இங்கினியாகலையில் இருக்கும் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1954இல் அமைக்கப்பட்ட கல்ஓயா தேசியப் பூங்கா இருக்கிறது. தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போகும் நீர் அது. வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்காமல் தூண்டிலை எடுக்காதீர்கள். பொழுது சாயும் முன்னரே வீதிக்கு வந்துவிடுங்கள். முதலை உள்ள குளங்களில் கரையோரம் மீன் கழுவிக் குடலை வீசுவது, முதலையை நாமே அழைப்பதற்குச் சமம்.

மலையகத்துக்குப் போகிறவர்களிடம் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கும் குளிர்ந்த நீர்த்தேக்கங்கள். நம் பிள்ளைகள் கடலிலும் வாவியிலும் நீந்திப் பழகியவர்கள். உப்பு நீர் உடலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். நன்னீர் அப்படித் தூக்காது. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாகவே உள்ளே இழுக்கும், அந்த மூச்சோடு தண்ணீரும் போய்விடும். அடியும் சமதரை அல்ல. மவுஸ்ஸாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. நீர் வற்றும்போது அதன் கோவிலும் கட்டட மிச்சங்களும் வெளியே தெரியும். கரையிலிருந்து நான்கு அடி நடந்தால் ஐந்தாவது அடியில் பள்ளம் இருக்கலாம்.

ஒருமுறை இருபது வயதுப் பையன் ஒருவனை எங்களிடம் கொண்டுவந்தார்கள். டயர் டியூப்பில் மிதந்து தூண்டில் போட்டவன். தூண்டில் நூல் அடிமரத்தில் சிக்க, அதை எடுக்கப் போய் டியூப் நழுவிவிட்டது. நண்பர்கள் சில நிமிடங்களிலேயே அவனைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். அதன் பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுழற்றியிருக்கிறார்கள், வயிற்றை அமுக்கியிருக்கிறார்கள். நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை, வாயில் யாரும் ஊதவில்லை. அவனை எங்களால் மீட்க முடியவில்லை. வாசலில் நின்ற நண்பர்களின் உடைகளில் இன்னும் குளத்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, நெஞ்சு உயரும் வரை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அசைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் 30 தடவை நெஞ்சின் நடுவே அழுத்தி, இரண்டு தடவை ஊதி, அப்படியே தொடருங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். அந்தச் சேவைக்குப் பணம் இல்லை. குளக்கட்டில் தொலைபேசி அலை கிடைக்கும் இடத்தைப் போய் இறங்கியதுமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யார் யார் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். டியூப் மிதவை அல்ல. தோணியில் ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். மது போத்தல் அந்தப் பயணத்தில் வேண்டவே வேண்டாம்.

தூண்டில் முள் தசையில் ஆழமாக ஏறினால் பின்னுக்கு இழுக்காதீர்கள், எதிர்முள் சதையைக் கிழித்துவிடும். நூலை வெட்டிவிட்டு அப்படியே வைத்தியசாலைக்கு வாருங்கள். கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம், ஒரு கடதாசிக் கோப்பையால் மூடிக்கொண்டு வாருங்கள். ஏற்பூசி எனப்படும் டெட்டனஸ் ஊசியைக் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

சுங்கான், கெளுத்தி மீன்களின் முள் குத்தினால் வலிக்குத் தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீர் போதும். குத்துப்படாத கையால் சூட்டைப் பார்த்த பிறகே குத்துப்பட்ட கையை அமிழ்த்துங்கள், வலியில் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். போன வருடம் அலறிக்கொண்டு வந்த எட்டு வயதுச் சிறுவனின் கையைத் தாதி ஒருவர் பேசினுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடத்தில் அழுகை நின்றது. கையை எடுக்கலாம் என்றபோது, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றான்.