பெரிய எண்ணை நம்பும் பிப்

இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் தன் உள்வேலைக்கு வைத்திருந்த ஒரு கோப்பு, 2020இல் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவெளியில் கிடந்தது. ஒரு மென்பொருள் இயங்க எந்தெந்தப் பொதிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், தேவை என்று சொல்லும் சாதாரணப் பட்டியல்தான் அது. அதிலிருந்த சில பெயர்கள் என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சான் கவனித்தார். அவை பேபாலின் சொந்தக் களஞ்சியத்தில் மட்டும் இருக்கும் பொதிகளாக இருக்க வேண்டும். அதே பெயரில் வெளியாள் ஒருவர் பொதுக் களஞ்சியத்தில் ஒரு பொதியை ஏற்றினால், நிறுவனத்தின் கணினி எதை எடுக்கும்?

இன்று எந்த மென்பொருளையும் யாரும் முழுதாக எழுதுவதில்லை; பிறர் எழுதிய பொதிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிக்கு என்.பி.எம்., பைத்தான் நிரல்மொழிக்குப் பைபிஐ என்று பொதுக் களஞ்சியங்கள் உள்ளன. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிப் பொதியை ஏற்றலாம். பெரும்பாலும் முதலில் கேட்டவருக்கே பெயர் சொந்தம். நிறுவனங்கள் இவற்றோடு தமக்கென ஒரு களஞ்சியத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் தேடுமாறு நிறுவும் கருவியிடம் சொல்லிவைக்கின்றன.

சிக்கல் இங்கேதான். பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவியில் கூடுதல் களஞ்சியம் ஒன்றைக் குறிப்பிட்டால், அதற்கு முன்னுரிமை தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பிப் அப்படிச் செய்வதில்லை. எல்லா இடங்களிலும் அந்தப் பெயரைத் தேடி, கிடைத்தவற்றுள் பதிப்பு எண் பெரியதை எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது 1.2, வெளியே இருப்பது 9000.0 என்றால் வெளியே இருப்பதே வெல்லும். பொதி யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. எழுத்துப்பிழையை எதிர்பார்த்து ஏறத்தாழ ஒரே மாதிரியான பெயர் வைக்கும் பழைய ஏமாற்றுக்கு, தவறாகத் தட்டச்சு செய்ய ஒருவராவது வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம்.

பொதியை இறக்கினால் மட்டும் என்ன கெடுதல் என்று கேட்கலாம். என்.பி.எம். பொதிக்குள் நிறுவலுக்கு முன்பே ஓடும் நிரலை வைக்க முடியும். பைத்தானிலும் நிறுவும்போது நிரல் ஓட வழி உண்டு. ஆள் பார்க்காமல் இரவுபகலாக மென்பொருளைக் கட்டித்தரும் சர்வர்களில் இது நடந்தால், அங்கிருக்கும் சாவிகள் எல்லாம் அந்த நிரலின் கைக்கு எட்டும்.

பிர்சான் இதைச் சோதிக்க ஏற்றிய பொதிகள் கணினியின் பெயர், பயனரின் பெயர் போன்ற சில விவரங்களை மட்டும் அனுப்பின, அதுவும் இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்கும் டி.என்.எஸ். வினவல்களுக்குள் ஒளித்து. பிற இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்புச் சுவர்கள்கூட இவற்றை வழிமறிப்பது அரிது. 2021 பிப்ரவரியில் அவர் முடிவுகளை வெளியிட்டார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், ஷாப்பிஃபை உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளே அவருடைய நிரல் ஓடியிருந்தது. ஓட்டையைக் கண்டு சொன்னதற்காக அவருக்குக் கிடைத்த வெகுமதி 1,30,000 டாலருக்கும் மேல்.

அடுத்த ஆண்டே கெட்டதும் நடந்தது. செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கான பைடார்ச் மென்பொருள் தினந்தோறும் வெளியிடும் சோதனைப் பதிப்புக்கு டார்ச்ட்ரைட்டன் என்ற பொதி தேவை. அது பைடார்ச்சின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தது. பைபிஐயில் அந்தப் பெயரை யாரும் பதிந்துவைக்கவில்லை. 2022 டிசம்பரில் யாரோ பதிந்தார்கள். டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் சோதனைப் பதிப்பை பிப் வழியாக நிறுவியவர்களுக்குப் போலிப் பொதி வந்தது. அதை நிரலில் அழைத்தால், பயனர் வேறு கணினிகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.எச். சாவிகளையும் கோப்புகளையும் அது திருடி அனுப்பியது. அதற்கும் வழி டி.என்.எஸ்.தான்! பைடார்ச் குழு பொதியின் பெயரை மாற்றி, புதிய பெயரைப் பைபிஐயில் வெற்றுப் பொதியாகப் பதிந்துவைத்தது.

வெற்றுப் பொதியைப் பதிவது மலிவான காவல். ஆனால் உள்பெயர் ஒவ்வொன்றுக்கும் செய்தாக வேண்டும். ஒவ்வொரு பொதியின் ஹாஷையும், அதாவது உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீட்டையும், பூட்டிவைப்பது நல்லதுதான், முதல் முறை பூட்டும்போதே போலி வந்துவிடாத வரை. கருவிக்கு ஒரே ஒரு களஞ்சியத்தைக் காட்டி, வெளியிலிருந்து எது உள்ளே வரலாம் என்பதை அந்தக் களஞ்சியமே முடிவு செய்யுமாறு அமைப்பதே என் பார்வையில் உறுதியானது. பிப்புக்குப் பிறகு வந்த யூவி கருவி, ஒரு பெயர் முதலில் எந்தக் களஞ்சியத்தில் கிடைக்கிறதோ அங்கேயே தேடலை நிறுத்திக்கொள்கிறது. பிப் ஆவணம் கூடுதல் களஞ்சிய வசதி பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கிறது. வசதி மட்டும் அப்படியே இருக்கிறது.