கேபிளை வெட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்குமா?

மதுரைப் பக்கம் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஆன்டெனா பொருத்தப் போனால் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "அண்ணே, கோஆக்ஸை அரை அலை நீளத்துக்கு வெட்டிக் குடுங்க, அப்பத்தான் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும்." கோஆக்ஸ் என்பது செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண்: 1 என்றால் முழுப் பொருத்தம், எண் கூடினால் அனுப்பியதில் அதிகம் திரும்பி வருகிறது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டுமல்ல, பழகிய கைகளும் இதையே சொல்கின்றன.

ஆனால் நீளத்தை மாற்றி எஸ்.டபிள்யூ.ஆரை இறக்க முடியாது. 50 ஓம் கேபிளின் முனையில் 50 ஓம் ஆன்டெனா இருந்தால் கேபிள் பத்து மீட்டரும் ஒன்றுதான், பதினேழு மீட்டரும் ஒன்றுதான். பொருந்தாத ஆன்டெனா என்றால் கேபிள் நெடுக இம்பீடன்ஸ் (ஓம் கணக்கில் சொல்லும் மின் எதிர்ப்பு) மாறும், எஸ்.டபிள்யூ.ஆர். மாறாது, கேபிள் இழப்பு மறைப்பதைத் தவிர.

"பிறகு எப்படிண்ணே வெட்டினதும் முள் இறங்குது?" நியாயமான கேள்வி. சோக் (கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது) இல்லாமல் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி ஆன்டெனா) கட்டினால் கேபிளின் வெளிப்பின்னலிலும் ஆர்.எஃப். (ரேடியோ மின்னோட்டம்) ஓடி, கேபிளும் ஆன்டெனாவில் ஒரு பாகமாகிவிடும். அதை வெட்டுவது ஆன்டெனாவையே வெட்டுவதுதான். அங்கே வேண்டியது டைபோலின் நடுவில் ஒரு சோக், கத்தரி இல்லை.

கேபிள் நீண்டால் மீட்டர் நன்றாகக் காட்டும் என்பார்கள். காட்டும், ஆபத்தே அதுதான். கீழ்த்தள அறையிலிருந்து மொட்டை மாடிக் கம்பம் வரை சுற்றி வளைத்து 30 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய 50 ஓம் கோஆக்ஸ்) இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபல் போய்விடும். 25 வாட் அனுப்பினால் மேலே சேர்வது ஆறு வாட் சொச்சம். ஆன்டெனா திருப்பி அனுப்புவதும் இன்னொரு 6 டெசிபலை இழந்துதான் கீழே வரும். ஆகவே மேலே எஸ்.டபிள்யூ.ஆர். 3 ஆக இருப்பது கீழே 1.3 என்று தெரியும். ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் 1.7தான்! (ஆன்டெனா அளக்கும் அனலைசரில் பாருங்கள், செட்டின் பேச்சுப் பொத்தானை அழுத்தி அல்ல.) முள் அழகாக நிற்கிறது, நாகமலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கோ குரல் போகவில்லை.

இதே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் சொச்சம்தான் தின்னும். அங்கே காசைக் கொட்ட வேண்டாம். 145 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான வி.எச்.எஃப்.புக்கு இழப்பு குறைந்த தடித்த ஆர்ஜி-213 வாங்குங்கள், அல்லது கேபிளைச் சுருக்குங்கள்.

நீளம் முக்கியமாகும் இடங்களும் உண்டு: இரண்டு யாகிகளை (ஒரு திசை நோக்கிய ஆன்டெனாக்களை) ஒரே ஃபேஸில் இணைப்பது, 75 ஓம் கால் அலைத் துண்டால் மேட்ச் செய்வது. அப்போதும், கேபிளுக்குள் அலை மெதுவாக ஓடுவதால், 145 மெகாஹெர்ட்ஸில் அரை அலை ஆர்ஜி-58க்குள் சுமார் 68 செ.மீ.தான், காற்றில்தான் 103. வெட்டச் சொல்பவர்களில் பலர் கொண்டுவருவது 103 கணக்கு!

போன வருடத்தைவிட இந்த வருடம் எஸ்.டபிள்யூ.ஆர். தானாகவே நன்றாகக் காட்டினால் மாடி ஏறிக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஐப்பசி மழைத் தண்ணீர் பிஎல்-259 கனெக்டர் வழியாக இறங்கி, பின்னல் பச்சை பிடித்து, கேபிளின் இழப்பு கூடியிருக்கலாம்.