புற்றுக்குள் ஒரு வயிறு

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ரப்பர் மரத் தடியில் செய்த அலமாரியைச் செதல் (கறையான்) தின்றுவிட்டது, பெயிண்ட் தோல் மட்டும் மிச்சம். நமக்குச் செரிக்காத மரம் அதற்கு எப்படிச் செரிக்கிறது?

குடலில் வாழும் ஒரு செல் உயிரிகள் செரித்துக் கொடுக்கின்றன என்பது பள்ளிப் பாடம். 1920-களில் அமெரிக்க ஆய்வாளர் கிளீவ்லாண்ட் காட்டியது அது. அந்த உயிரிகளை மட்டும் அழித்தபோது கறையான்கள் மரத்தைத் தின்றுகொண்டே பட்டினியில் செத்தன. சரியான பாடம்தான். ஆனால், நம் தோப்புகளில் புற்றெடுக்கும் ஓடோன்டோடெர்மஸ் வகைக் கறையானின் குடலில் அந்த உயிரிகளே கிடையாது.

மரத்தில் ஏறத்தாழப் பாதி செல்லுலோஸ். மரச்சீனிக்கிழங்கின் மாவும் குளுக்கோஸ் சங்கிலி, செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலி. கோர்வைதான் வேறு. மாவுச்சத்தில் சங்கிலி சுருண்டு தளர்ந்து கிடக்கும், நம் எச்சில் நொதிக்கே அவிழும். செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீளும். நேரான சங்கிலிகள் அருகருகே ஒட்டி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிக் கயிறாகிவிடும்.

இந்தக் கயிற்றை அவிழ்க்க மூன்று நொதிகள் வேண்டும். எண்டோகுளுக்கனேஸ் தளர்ந்த இடம் பார்த்து நடுவில் வெட்டும். வெட்டிய இடத்தில் புதிய முனை கிடைக்கும். எக்ஸோகுளுக்கனேஸ் அந்த முனையைப் பிடித்துக்கொள்ளும். இதன் உடலில் ஒரு சுரங்கம் இருக்கிறது. ஊசிக்காதில் நூல் நுழைவதுபோல் சங்கிலி உள்ளே போகும், இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுங்கி வெளியே விழும். நொதி பிடியை விடாமல் சங்கிலியின் மேலேயே நகர்ந்து போகும். ஒரு மூலக்கூறு செய்யும் வேலை இது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்காது. நறுங்கி விழும் இரட்டைக்குச் செல்லோபயோஸ் என்று பெயர். அதை ஒற்றைக் குளுக்கோஸாக உடைப்பது மூன்றாவது நொதியான பீட்டா குளுக்கோசிடேஸ். இது சுணங்கினால் செல்லோபயோஸ் தேங்கி, சுரங்கத்தில் அடைத்துக்கொண்டு, இரண்டாவது நொதியை நிறுத்திவிடும். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க முயல்பவர்களைப் படுத்தும் சிக்கல்களில் இதுவும் ஒன்று.

கறையானிடம் முதல் நொதியும் மூன்றாம் நொதியும் சொந்தமாகவே உண்டு. முதலாவதன் மரபணு கறையானுடையதேதான் என்று 1998-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இல்லாதது நடுவில் உள்ள சுரங்க நொதி. அதற்காகத்தான் அது கூட்டுச் சேர்கிறது. கடல்நீரில் கிடக்கும் மரத்தைத் துளைக்கும் லிம்னோரியாவுக்கு அந்தக் கூட்டும் வேண்டாம். இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த, சில மில்லிமீட்டரே நீளமுள்ள இந்தப் பிராணி சுரங்க நொதியையும் தானே சுரக்கிறது. 2010-இல் வெளியான செய்தி இது. அதன் குடலில் நுண்ணுயிர்களே இல்லை என்று சொல்லலாம்.

நம் ஊர்ப் புற்றுக்கு வருவோம். உள்ளே கடற்பஞ்சு போல, கையில் எடுத்தால் உதிரும் பழுப்புநிறக் கட்டி இருக்கும். அதுதான் பூஞ்சைத் தோட்டம். தொழிலாளிகள் கொண்டுவரும் சருகையும் மரத்தூளையும் கூட்டிலிருக்கும் இளசுகள் மென்று விழுங்கி, பாதி செரித்த எச்சமாகத் தோட்டத்தின் மேலே அப்புகின்றன. கூடவே டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையின் வித்துகளும் விழுகின்றன. அது முளைத்து, செல்லுலோஸை மூடிக் காக்கும் லிக்னினைச் சில வாரங்களில் சிதைக்கிறது. கதம்பை (தேங்காய் மட்டை) எளிதில் அழுகாதிருப்பது இந்த லிக்னினால்தான். பூஞ்சை பக்குவப்படுத்திய அடிப்பகுதியை மூத்தவை தின்கின்றன. மேலே அப்புவதும் கீழே தின்பதுமாகத் தோட்டம் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். குண்டூசித் தலையளவு வெள்ளை உருண்டைகள் அதில் ஒட்டியிருக்கும். இளசுகள் அவற்றைத் தின்னும்போது பூஞ்சையின் நொதிகளும் குடலுக்குப் போகின்றன, அங்கேயும் செயலிழக்காமல் வேலை செய்கின்றன.

கறையான்களை அகற்றிவிட்டுத் தோட்டத்தை மட்டும் ஈரமாக வைத்துப் பாருங்கள். சில நாளில் சைலேரியா என்ற களைப்பூஞ்சை கறுப்பு விரல்களாக நீட்டி மொத்தத்தையும் பிடித்துவிடும். கறையான் ஓயாமல் களையெடுப்பதால்தான் அது இத்தனை நாள் அடங்கியிருந்தது.

ரப்பர் தடியில் மாவும் சர்க்கரையும் அதிகம், தேக்கில் இருப்பதுபோல் பூச்சியை விரட்டும் குயினோன்கள் இல்லை. அறுத்த உடனே போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசல் ஏற்றிய தடியாகப் பார்த்து வாங்குங்கள். சுவரில் ஏறும் மண்குழாயைச் சுரண்டிவிடுவதால் பயனில்லை, மறுநாளே திரும்பக் கட்டிவிடும்.

மண்டைக்காட்டில் புற்றையே அம்மனாக வணங்கும் குமரி மாவட்டம் இது. அந்த மரியாதை தோட்டத்துப் புற்றுக்கும் கிடைக்க வேண்டும். பாம்பு இருக்கும் என்ற பயத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது வேண்டாத வேலை. பாம்பு புற்றைக் கட்டுவதும் இல்லை, அங்கே வைக்கும் பாலைத் தேடி வருவதும் இல்லை. எத்தனாலுக்கு நொதி தேடச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது மேற்குத் தொடர்ச்சி மலைக் கறையான்களையும் அவற்றின் பூஞ்சைகளையும் இனம் பிரித்து அறியத் தர வேண்டும். சிப்பிக்காளானை வைக்கோல் பையில் வளர்ப்பதுபோல், டெர்மிட்டோமைசிஸ் பூஞ்சை வெளியே நீட்டும் புற்றுக்காளானை வளர்க்க முடியவில்லையே, ஏன்? விடை அந்தப் பூஞ்சைத் தோட்டத்தில்தான் இருக்கும்.

ஆனி மழைக்குப் பின் ரப்பர் மூட்டில் முளைக்கும் புற்றுக்காளானைப் பிடுங்காமல், பக்கத்து மண்ணை மெல்லத் தோண்டிப் பாருங்கள். வேர்போல் ஒல்லியாக இறங்கும் தண்டு, ஒன்றிரண்டு அடி ஆழத்தில் அந்தப் பழுப்புக் கட்டியில் போய் முடியும்.