காதைக் குத்துற கிட்டார் சவுண்டு: பிக்அப் மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஈரோட்டுல கிட்டார் சர்வீஸ் பண்றேனுங்க, முகூர்த்த சீசன் வந்துட்டா மண்டபத்துல மிக்ஸர்லயும் உக்காருவேன். பசங்க அடிக்கடி தூக்கிட்டு வர்ற கம்ப்ளெய்ன்ட் "அண்ணா, சவுண்டு ரொம்ப ஷார்ப்பா இருக்குதுங்க, பிக்அப் மாத்திக் குடுங்க"ங்கறதுதான். பிக்அப்னா எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பிக்கு அடியில இருந்து அதோட அதிர்வைப் புடிச்சு சிக்னலா அனுப்பற காந்தச் சுருளுங்க. காசு போட்டு மாத்திட்டு திரும்பவும் அதே குத்தலோட வர்றவங்களைப் பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்குது, அதான் எழுதறேன்.

போன மாசம் கோபி பக்கமிருந்து ஒரு தம்பி ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் கிட்டாரும் புது பிக்அப் செட்டு டப்பாவும் எடுத்துட்டு வந்தான். வீட்ல வாசிச்சா அருமையா இருக்குதாம், ரிசப்ஷன்ல வாசிச்சப்ப முன் வரிசைல இருந்த அம்மாயி ஒருத்தங்க முந்தானையால காதைப் பொத்திக்கிட்டாங்களாம். வாசிச்சுக் காட்டச் சொன்னேன். பாலத்துப் பக்கத்துல இருக்கற பிரிட்ஜ் பிக்அப்லதான் எல்லாமே வாசிக்கறான், கூர்மையைக் கொறைக்கற டோன் நாப் ரெண்டையும் திருகுனாலும் ஒரு மாத்தமும் இல்ல, நாப்புக்கு அடியில இருக்கற பாட் செத்துப்போச்சுன்னு நெனச்சிருக்கான். பாட் நல்லாத்தான் இருக்குது. 1954ல வந்த ஸ்ட்ராட்டோட பழைய வயரிங்ல ரெண்டு டோனும் கழுத்து பிக்அப்புக்கும் நடு பிக்அப்புக்கும் தான், பிரிட்ஜுக்குக் கெடையாது. ஸ்விட்ச்சுல ஒரு விரக்கடை வயரை ஈயம் வெச்சுப் பத்த வெச்சதும் ரெண்டாவது டோன் நாப் பிரிட்ஜுக்கும் வேலை செஞ்சுது, 7ல வெச்சுட்டு வாசிச்சவன் அப்படியே நிமிந்து பாத்தான்.

ஆனா பெரிய தப்பு மண்டபத்துல தானுங்க நடந்திருக்குது. சவுண்டைக் கரகரப்பாக்கற டிஸ்டார்ஷன் பெடலை, கிட்டார் ஆம்ப் இல்லாம நேரா மிக்ஸர்ல சொருகியிருக்கான். கிட்டார் ஆம்ப்ல இருக்கற ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது, அந்த வடிகட்டல் இருந்தாத்தான் டிஸ்டார்ஷன் டிஸ்டார்ஷனா கேக்கும், மண்டபத்து ஸ்பீக்கர் பாக்ஸ்ல கீச்சு சத்தத்தை வெளிய தள்ளற ஹார்ன் இருக்கறதால தகரத்தைச் சொரண்டுற சத்தமெல்லாம் அப்படியே ஜனங்க மேல விழுகுது. கேப் சிம் (கிட்டார் ஸ்பீக்கர் மாதிரியே வடிகட்டிக் குடுக்கறது) போடுங்க, இல்லீன்னா பெடல் போர்டுல 'ஹை கட்'ங்கற, மேல இருக்கற சத்தத்தை வெட்டற செட்டிங்கை 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. மிக்ஸர்ல ஹை நாபை மட்டும் கொறச்சுட்டு உக்காந்துக்காதீங்க, அது பெரும்பாலும் 10000க்கு மேல தான் வேலை செய்யும், குத்தறது 3000, 4000 பக்கம், காதுக்கு ரொம்ப உறைக்கிற எடமே அதுதான்.

இன்னொண்ணு, வீட்ல மெதுவா வெச்சு செட் பண்ணுன டோனை நம்பாதீங்க. சத்தம் கம்மியா இருக்கறப்ப பேஸும் (அடிச் சத்தம்) ட்ரெபிளும் (கீச்சு சத்தம்) காதுக்குக் கம்மியாத்தான் எட்டும்னு ஃபிளெட்சர், மன்சன்ங்கற ஆராய்ச்சியாளருங்க 1933லயே அளந்து காட்டிட்டாங்க, அதனால ரெண்டையும் ஏத்தி வெச்சிருப்பீங்க, மண்டபத்துல வால்யூம் ஏறுனதும் அதுவே கத்தியாயிரும். சவுண்டு செக்குல ஃபுல் வால்யூம்ல ஆம்ப் முன்னாடி போயி குனிஞ்சு கேளுங்க, மேல நிக்கறப்ப உங்க முழங்காலுக்குத்தான் ட்ரெபிள் போயிட்டிருக்குது. புதுசா வயர்லெஸ் போட்டவங்களும் கவனிங்க, நீளக் கேபிள் கொஞ்சம் ட்ரெபிளைத் தின்னுட்டிருந்துச்சு, இப்ப அது இல்ல.

இத்தனையும் பாத்து, பிக்அப் ஸ்குரூவை அரைச் சுத்து எறக்கியும் பாத்து, அப்பறமும் குத்துனா பிக்அப் மாத்தலாம், நானே மாத்தித் தர்றேன்.

கெளம்பறப்ப தான் அந்தத் தம்பி சொன்னான், அன்னிக்கு ராத்திரி பூரா காதுல கொய்ய்னு இருந்துச்சுண்ணான்னு. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்குற காது 100 டெசிபல்ல 15 நிமிசம் தான் தாங்கும், உள்காதுல இருக்கற முடி செல்லு செத்தா திரும்ப மொளைக்காதுங்க. ஒரு ஜோடி இயர்ப்ளக்கைக் கையில குடுத்து, கொய்யிங்கற சத்தம் இன்னும் இருந்தா நாளைக்கே காது டாக்டர்கிட்ட போயிடு சாமின்னு சொல்லி அனுப்புனேன், பிக்அப் டப்பாவைப் பிரிக்காமயே எடுத்துட்டுப் போயிட்டான்.