ஜொகூர் பாலம் தாண்டுமுன் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படியுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "வி.இ.பி. (வெளிநாட்டு வண்டிகளுக்கான மலேசிய நுழைவு அனுமதி) ஒட்டியாச்சு, இனி மலேசியாவுக்கு வண்டியை எடுக்கலாம்ல?" சிங்கப்பூரில் வாகனக் காப்புறுதி முகவராக இருப்பதால், ஓட்டப்போவது யார், எதுவரை போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

வி.இ.பி. கட்டாயம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் உள்ளே போகும் சிங்கப்பூர் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். பழைய கார் வாங்கியவர்கள் கவனியுங்கள், முந்தைய உரிமையாளர் தன் பதிவை நீக்காவிட்டால் உங்கள் பெயரில் பதிவு செய்வதில் சிக்கல் வரும். 20 ரிங்கிட் சாலைக் கட்டணத்துக்கு டச் என் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்கட்டும், இல்லையென்றால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, இப்போது காப்புறுதி. உங்கள் பாலிசியில் 'எந்த இடங்களுக்கு' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான சிங்கப்பூர் பாலிசிகளில் அந்த வரி சிங்கப்பூர், மேற்கு மலேசியா, அப்புறம் தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்று முடிந்துவிடும். கேமரன் மலை, பத்துமலை, பினாங்கு எல்லாம் இதற்குள் அடங்கும். ஹாட்யாய்கூட அடங்கும், ஆனால் "அவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே கிராபி போய்விடலாம்" என்று கிளம்பினால் பாலிசி உங்களோடு வராது. அதோடு தாய்லாந்துக்குள் நுழையும்போது அந்த நாட்டின் கட்டாயக் காப்புறுதியைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்து 'யார் ஓட்டலாம்' என்ற பகுதி. என் வாடிக்கையாளர் ஒருவர் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வழியில், களைப்பாக இருக்கிறதென்று அக்காள் மகனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். பையனுக்கு உரிமம் கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஆயர் ஈத்தாம் பக்கத்தில் முன்னால் போன காரை இடித்துவிட்டான். யாருக்கும் அடியில்லை, ஆனால் அனுபவமில்லாத ஓட்டுநர் என்பதால் வழக்கமான எக்செஸோடு (இழப்பீடு கேட்கும்போது நாமே கட்ட வேண்டிய பங்கு) இன்னொரு 2,500 சிங்கப்பூர் வெள்ளி அவர் கையிலிருந்து போனது. அந்தத் தொகை அவருடைய பாலிசியின் முதல் பக்கத்திலேயே அச்சாகி இருந்தது. ஓட்டக்கூடியவர்கள் எல்லோருடைய விவரத்தையும் கிளம்புமுன் என்னிடம் சொல்லியிருந்தால், பையனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று அன்றே சொல்லியிருப்பேன்.

அங்கே விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் மலேசியக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும், அது அந்த நாட்டுச் சட்டம். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பாலம் தாண்டி வந்துவிடுகிறார்கள், பிறகு எதிர்த்தரப்பு வேறு கதை சொல்லும்போது கையில் எதுவுமே இருப்பதில்லை. சிங்கப்பூர்க் காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் அடுத்த வேலைநாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். கேட்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் பாலிசியில் உள்ள அவசர எண்ணை அழையுங்கள். அந்த எண் உங்கள் கைப்பேசியில் மட்டுமல்ல, கூட வருபவர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

வாடகைக் காரானால், எல்லை தாண்ட நிறுவனம் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. நண்பரின் கார் என்றாலும் அவரிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள். வேலை அனுமதியில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கு இன்னொன்று: சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வேண்டாத மலேசிய மின்னிலக்க வருகை அட்டை உங்களுக்கு வேண்டும், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்பிவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்தின் அட்டையையும் காப்புறுதிச் சான்றிதழின் அச்சுப் பிரதியையும் காரிலேயே வையுங்கள்.